பயப்படாதீங்க

மணி பதினொன்று. பட்டியலில் இருந்தது அறுபத்திரண்டு குழந்தைகள். வந்து ஊசி போட்டுக்கொண்டது ஒன்பது.

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த தெருவில் இரண்டு குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் வந்து, ஒன்று மூச்சுக் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. இங்கே பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பறையில், இரண்டாம் தவணை மருந்து ஐஸ் பெட்டிக்குள் சுகமாகத் தூங்குகிறது. மேலதிகாரி இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். போன மாதம் முதல் தவணைக்குக் கூட்டம் அலைமோதியதே, இப்போது என்ன வந்தது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இத்தனைக்கும் அறிவிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆபீஸில் ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவ்வளவு நீளத்துக்குச் சொன்னால் எவன் காது கொடுத்துக் கேட்பான் என்று, முதல் தவணையின்போதே நர்ஸ் அதை மூன்று வரியாகச் சுருக்கித் தன் குரலிலேயே பதிவு செய்து கொடுத்தாள். அதற்காக மாதக் கூட்டத்தில் கைதட்டல்கூட வாங்கினாள். இப்போதும் வேன் ஒலிபெருக்கி தெருத் தெருவாக அதைத்தான் சொல்லிக்கொண்டு போனது.

"தவறாம ஊசி போட்டுக்குங்க. போட்டா லேசா காய்ச்சல் வரும். பயப்படாதீங்க."

பிறகும் ஏன் வரமாட்டேன் என்கிறார்கள்?

பதிவேடு எழுதுகிற பெண் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "அக்கா, கேட்டுக்கு வெளிய பாருங்க."

கேட் ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பசை தடவுகிறவள். தெருவே பசையக்கா என்றுதான் கூப்பிடும். குழந்தையோடு வருகிற ஒவ்வொரு தாயையும் நிறுத்தி என்னவோ சொன்னாள். கேட்டவர்களில் பாதிப் பேர் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

போன தடவை ஊசி போட்ட ஆறாம் நாள் அவளுடைய குழந்தை இறந்துவிட்டது, அந்த ஆத்திரம்தான் என்றாள் பதிவேட்டுப் பெண். நர்ஸுக்கும் அது தெரியும். விசாரணை நடந்தது. ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று கையெழுத்துப் போட்டு ஃபைலையும் மூடிவிட்டார்கள். நர்ஸ் மட்டும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மூடிய ஃபைலுக்குப் போய் என்ன ஆறுதல் சொல்வது?

பாவம்தான். ஆனால் ஒருத்தியின் துக்கத்துக்காக ஐம்பது பிள்ளைகளின் உயிரோடு விளையாட விடலாமா? ரிப்போர்ட் நகலை எடுத்துக்கொண்டு நர்ஸ் விறுவிறுவென்று கேட்டுக்குப் போனாள்.

"உன் குழந்தை போனது ஊசியால இல்லம்மா. டெங்கு. இதோ ரிப்போர்ட்."

"தெரியும் சிஸ்டர். பெரிய டாக்டரே கூப்பிட்டுச் சொன்னாரு."

"தெரிஞ்சுமா இவங்களை விரட்டுற? நாளைக்கு ஒரு பிள்ளைக்குத் தொண்டை அடைச்சா நீயா பதில் சொல்லுவ?"

பசையக்கா எழுந்துகூட நிற்கவில்லை. விரலில் காய்ந்திருந்த பசையைப் பிய்த்துக்கொண்டே பேசினாள்.

"ஊசி போட்ட அன்னைக்கே காய்ச்சல் வந்துச்சு. வரும்னு சொல்லியிருந்தீங்க, வந்துச்சு. நான் பாட்டுக்கு வேலைக்குப் போனேன். மூணாம் நாளும் உடம்பு கொதிச்சுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம்னு வீட்டுக்காரரு சொன்னாரு. நர்ஸம்மாவே பயப்பட வேணாம்னு சொல்லியிருக்காங்க, நீங்க சும்மா இருங்கன்னு அவரை நான்தான் அடக்கினேன். அஞ்சு நாள் நான் பயப்படவே இல்ல சிஸ்டர்."

வேன் தெருவைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. "பயப்படாதீங்க" என்றது நர்ஸின் குரல்.

நர்ஸ் நீட்டிய ரிப்போர்ட்டை மடக்கினாள். ஆபீஸ் கொடுத்த பக்கத்தில் நான்காவதாக ஒரு வரி இருந்தது. காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும். நீளம் என்று அதைப் பேனாவால் அடித்தது அவள்தான். விசாரணையில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவளுக்கும் இந்த நிமிஷம் வரை அது நினைவுக்கு வரவில்லை.

"அதுக்காக... இவங்களுக்கும் ஊசி வேணாம்னு சொல்லலாமா?" என்றாள் நர்ஸ்.

"நான் எங்க வேணாம்னேன்? என் பிள்ளை போனதுல மிரண்டு வீட்டோட கிடந்தவங்க இவங்க. ஊசி மேல தப்பில்ல, வாங்கன்னு காலையிலேர்ந்து நான்தான் கூப்பிட்டுட்டு இருக்கேன்."

தெருமுனையில் தலைகள் தெரிந்தன. திரும்பிப் போன தாய்மார்கள்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருத்தியிடமும் போன தவணையில் கொடுத்த ஊசி அட்டை இருந்தது.

"அட்டை இல்லாம வந்தவங்களை எடுத்துட்டு வரச் சொல்லி அனுப்பினேன்" என்றாள் பசையக்கா. தன் பையிலிருந்தும் ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். முன்பக்கம் நர்ஸின் கையெழுத்தில் குழந்தையின் பெயரும் தேதியும் இருந்தன. பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்தப் பக்கத்தைத்தான் அவள் திருப்பிக் காட்டினாள்.

"எல்லாருக்கும் ஊசி போடுங்க சிஸ்டர். போட்டுட்டு, எத்தனாவது நாள்லேர்ந்து பயப்படணும்னு இந்தப் பக்கம் எழுதிக் குடுத்துடுங்க."