அம்மாவின் குரோட்டன்ஸ்

மயாமியை ஒட்டிய ஹயலியாவில் அம்மாவின் வீட்டை விற்றாயிற்று. நாளை சாவியைக் கொடுக்க வேண்டும். காலை வெயிலில் குரோட்டன்ஸ் இலைகள் சிவப்பும் மஞ்சளுமாக மினுங்குகின்றன. ஆளுக்கொன்று எடுத்துப்போக, இரண்டு மாதங்களுக்கு முன் ஈரப்பாசி வைத்துக் கட்டிப் பதியன் போட்ட இரு கிளைகளில் ஒன்றுதான் வேர்விட்டிருக்கிறது. மிர்த்தா அதை வெட்டித் தொட்டியில் நடுகிறாள். அண்ணன் ஒஸ்வால்டோ ஓர் இலையைத் தடவிக்கொண்டே நிற்கிறார். "இந்த இலையத் துடைக்கிற ஈரத்துணியாலயே என் மூஞ்சியையும் துடைச்சு விடுவா அம்மா." "அப்பவும் செடிதான் பளபளன்னு இருக்கும்," என்கிறாள் மிர்த்தா. இருவரும் சிரிக்கிறார்கள். "நீயே எடுத்துக்க, மிர்த்தா." "வேணாம்ணே. எங்க வீட்டு நாய் கடிச்சுப் போட்டுடும்." தொட்டியை அவர் காரின் முன் இருக்கையில் வைத்து பெல்ட் மாட்டிவிடுகிறாள். அவள் வீட்டில் நாய் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.