எத்தனை பிள்ளைகள்?

அறைக்குள்ளே நாகேந்திரத்தின் கழுத்து நாடியில் சின்னப் பலூனொன்றை ஊதி, இரத்தத்தைக் கொஞ்ச நேரம் மறித்துவிட்டுக் கேள்வி கேட்டார்கள். பதில் பிசகினால், அந்த நாடியைக் கட்டுவதை மூளை தாங்காது என்று அர்த்தம்; ஒப்பரேஷனும் இல்லை. மனைவி நேசமலர் வெளியே காத்திருந்தாள்.

டொக்டர் ஸாலிஹ் முகம் வாடி வந்தார்.

"பலூனை எடுத்துட்டேன் அம்மா. பேர் சரி, கையையும் தூக்கினார். பிள்ளைகள் எத்தனை எண்டு கேட்டா, ரெண்டும் பொம்புளப் பிள்ளை எண்டு சொல்றார். நீங்க மூணு எண்டு சொன்னீங்களே?"

நேசமலர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"மூத்தவன் இயக்கத்துக்குப் போய் வன்னியிலை நிக்கிறான், டொக்டர். செக்பொயின்ற்றிலை ஆமிக்காரர் பேரைக் கேட்டு, பிள்ளையளைக் கேட்டா, இவர் ரெண்டு எண்டுதான் சொல்லுறவர். ஆர் கேட்டாலும் அதுதான். மூண்டு எண்டு சொன்னாத்தான் நீங்கள் பயப்பிட வேணும்."

டொக்டர் உள்ளே போய், மறுபடியும் பலூனை ஊதினார். கதவு சாத்தாமல் கிடந்தது.

"எத்தனை பிள்ளைகள்?"

"ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள், சேர்."

"மகன் இல்லையா?"

"பிறக்கவே இல்லை, சேர்."

"மூளைக்கு ஒரு குறையும் இல்லை," என்றார் டொக்டர். "ஒப்பரேஷன் செய்யலாம்."