ராஜதுரை எழுதிய நாடகம்

மேடையில் சேலை கட்டி நின்ற பால்துரை, சோற்றுச் சட்டியைத் தூக்கிப் புருஷன்மேல் எறிந்தான்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

சோற்றில் உப்பில்லை என்று புருஷன் மெல்லச் சொன்னதற்குத்தான் அந்த எறி. உப்பளத்து ஊரில் அதுவே பாதிச் சிரிப்பு.

பெண்கள் பக்கம், கடைசியில், துணிமூட்டையை மடியில் வைத்து மணலில் உட்கார்ந்திருந்த சண்முகத்தாய்க்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

மேடையில் புருஷனாக நின்றவன் அவளுடைய புருஷன். கருப்பட்டிக் கடை ராஜதுரை. நாடகத்தை எழுதியவனும் அவனே.

யுத்தம் முடிந்து வந்த முதல் அம்மன் கோயில் கொடைவிழா. சாத்தான்குளத்தில் தாய்வீட்டோடு இருந்தவள், கோபித்தது போதும், கொடையைச் சாக்கு வைத்து அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று யாரிடமும் சொல்லாமல் கரிப்புகையில் ஓடும் பஸ் ஏறி வந்திருந்தாள்.

வந்தால் இது.

அவள் சண்டையில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பால்துரையின் வாயில் வந்தது. மூக்கை உறிஞ்சுவதுகூட அப்படியே. ராஜதுரை பேசிய பேச்சில் ஒன்றுகூட வரவில்லை. மேடையில் அவன் கைகட்டி நின்றான், பெருமூச்சு விட்டான், அம்மன் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டான். வீட்டில் ஒருநாளாவது இப்படி நின்றிருக்கிறானா இந்த மனுஷன்?

பக்கத்தில் இருந்த அடுத்த வீட்டு முத்துக்கனி அப்போதுதான் அவளைக் கண்டுகொண்டாள். சிரிப்பு சட்டென்று நின்றது.

“ஏளா, நீ எப்ப வந்தே? முன்னால பெஞ்சில இருக்காவ பாரு, உடன்குடிக்காரவ. அவுக மவளைத்தான் ஒம் மாப்பிள்ளைக்கு ரெண்டாந்தாரமாப் பேசியிருக்காவ. ஒனக்குத் தெரியாதா?”

சண்முகத்தாய் எட்டிப் பார்த்தாள். கனத்த உடம்பு அம்மாள் ஒருத்தி. அவளை ஒட்டி, தலை நிறையப் பிச்சிப்பூவோடு ஒரு பெண்.

நாடகம் யாருக்காக நடக்கிறது என்று இப்போது புரிந்தது.

ராஜதுரை மேடையின் விளிம்புக்கு வந்து கைகளை விரித்தான். “சபையோரே! நான் இவளுக்கு என்ன குறை வைத்தேன்? நீங்களே சொல்லுங்கள்!”

சண்முகத்தாய் எழுந்துவிட்டாள்.

“நான் சொல்லுதேன். பெத்த பிள்ளையைப் பொதைச்ச மறுநாள் வந்து உக்காந்து, சோத்துல உப்பில்லன்னு சொன்னீரே, அதையும் எழுத வேண்டியதுதானே?”

கைதட்டல் எழுந்தது. இதுவும் நாடகத்தில் ஒரு கட்டம் என்று நினைத்துவிட்டார்கள்.

ராஜதுரையா சளைப்பான்? “பார்த்தீர்களா, இங்கேயும் வந்துவிட்டாள்!” என்றான். சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. உண்மையைச் சொன்னாலும் அவன் நாடகத்துக்குத்தான் ஆதாயம். மூட்டையை இடுக்கிக்கொண்டு, உட்கார்ந்திருந்த பெண்களை விலக்கி விலக்கி வெளியே நடந்தாள்.

கொட்டகை ஓரத்தில் யாரோ கையைப் பிடித்தார்கள்.

முன்பெஞ்சு அம்மாள். பின்னால் அந்தப் பெண்.

சண்முகத்தாய்க்குப் பிள்ளையே பிறக்கவில்லை என்றல்லவா ராஜதுரை வீட்டார் அவர்களிடம் சொல்லியிருந்தார்கள்.

“பிள்ளைக்கு என்ன பேரு, தாயி?”

இதுவரை பொறுமிக்கொண்டிருந்த சண்முகத்தாய்க்குக் குரல் இறங்கிவிட்டது.

“அவுகளுக்கு நாடக ஒத்திகை. வந்து பேரு வைக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தோம்.”

அந்த அம்மாள் மேடைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் முன்பெஞ்சுக்குத் திரும்பிப் போகவில்லை.