மார்க்கு ஏறாத சென்டர்

"பாலகாட் சென்டர மூடிடலாம் மேடம். அது ஒண்ணுதான் நம்ம மானத்த வாங்குது" என்றார் மாணிக்கராஜ்.

கோலார் தங்க வயலில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கன்னடம் வாசிக்கக் கற்றுத்தரும் பத்து மாலை வகுப்புகளுக்கும் அவர்தான் பொறுப்பாளர். நிதி கொடுக்கும் பெங்களூர் அறக்கட்டளை, மூன்று வருட வேலையை எடைபோட இந்துவை அனுப்பியிருந்தது. ஒவ்வொரு வருடமும் வகுப்பு தொடங்கியதும் வைக்கும் வாசிப்புத் தேர்வில் ஒன்பது சென்டர்களின் சராசரி இப்போது தொண்ணூறுக்கு மேல். பாலகாட் மட்டும் எந்த வருடமும் நாற்பதைத் தாண்டவில்லை.

அதன் டீச்சர் வின்னி தன் சென்டரின் பதிவேடுகளைக் கொண்டுவந்து வைத்தாள். சென்டர் போனால் அவள் வேலையும் போச்சு.

இந்து மூன்று வருடத்து வருகைப் பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். ஒவ்வொன்றிலும் முப்பது பேர். ஆனால் ஒரு பெயர்கூட அடுத்த வருடம் இல்லை.

மாணிக்கராஜ் சிரித்தார். "இன்னா வின்னி, ஒரு புள்ளகூட உங்கிட்ட நிக்காதா?"

"நான்தான் சார் அனுப்பிட்றேன். படிக்கத் தெரிஞ்சுட்டா அதுக்கு இங்க இன்னா வேலை? இருக்கிறது முப்பது எடம். எழுத்து தெரியாததுங்க வாசல்ல காத்துனு நிக்குதுங்களே."

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார் மாணிக்கராஜ்.

"சொன்னா, மார்க்கு வாங்குற புள்ளைய விடாதன்னுவீங்க."

போனவர்களைக் கூப்பிடச் சொன்னாள் இந்து. அரைமணி நேரத்தில் அறுபது பேர் வந்து, உள்ளே இடமில்லாமல் தெருவில் நின்றார்கள். அன்றைய கன்னடப் பேப்பரைப் பிரித்து ஆளுக்கு நாலு வரி வாசிக்கச் சொன்னாள்.

எங்கேயாவது திக்கும் என்று மாணிக்கராஜ் காத்திருந்தார். மழைச் செய்தி போனது, தக்காளி விலை போனது, விளையாட்டுப் பக்கமும் வந்துவிட்டது. ஒரு பிள்ளையும் திக்கவில்லை. இருபதாவது பிள்ளை வாசிக்கும்போது அவர் எழுந்து நின்றிருந்தார்.

"இந்த ஒரு சென்டர்ல அறுபது பேர் கத்துக்கிட்டு வெளிய போயிருக்காங்க சார். மத்த ஒன்பதுல?" என்றாள் இந்து.

மாணிக்கராஜ் போனை எடுத்து ஆண்டர்சன்பேட்டை சென்டர் டீச்சரைக் கூப்பிட்டார்.

"கிறிஸ்டோ, மூணு வருஷமா அதே முப்பது பேர வச்சினு தொண்ணூறு காட்டினது போதும்பா. அவங்கள அனுப்பிட்டு, வாசல்ல நிக்கிறவங்கள உள்ள கூப்டு. மார்க்கு விழும். விழட்டும். மார்க்கு வாங்குற புள்ளைய வெளிய விடாதன்னு உங்க எல்லாருக்கும் சொன்னவன் நான்தானே."