சித்தப்பா சுற்றிய கம்பி

கண்ணாடிக் கூட்டுக்குள் பெண்டுலம் அசையாமல் தொங்குகிறது. லண்டனிலிருந்து வந்த பேட்டரிக் கடிகாரம். பழுதுபார்க்கிறேனென்று அதைக் கெடுத்தவர் என்பதால்தான் சித்தப்பாவின் படம் இந்த வீட்டுச் சுவரில் ஏறவில்லை. ஐம்பது வருடமாகத் தீத்தாரப்ப பிள்ளை தன் சித்தப்பாவைப் பற்றி அப்படித்தான் சொல்லிவருகிறார். பழைய மின்கடிகாரங்களைத் தேடிச் சேர்க்கும் மேலப்பாளையம் மீரான், கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமலே சிரிக்கிறார். "இது கெடுத்த கையில்ல அண்ணாச்சி. பெண்டுலத்துச் சுருள்ல தலைமுடி கணக்கா கம்பிய என்னமா சுத்தியிருக்காவ! பொறவு எவனோ கூறுகெட்டவன் பேட்டரி வயரை மாத்திப் பூட்டியிருக்கான்." "அந்தக் கூறுகெட்டவன் நான்தான் வே" என்கிறார் பிள்ளை. மீரான் நாக்கைக் கடித்துக்கொண்டு, புதுப் பேட்டரி வைத்து வயரைத் திருப்பிப் பூட்டுகிறார். பெண்டுலத்தில் பைய ஒரு தட்டு. சாவியில்லாமல், ஓசையில்லாமல், தாமிரச் சுருள் காலை வெயிலை அள்ளி அள்ளி வீச, அது ஆடுகிறது, ஆடிக்கொண்டே இருக்கிறது. கலெக்டர் வந்தபோதும் இறங்காத பிள்ளையின் தோள்துண்டு, இடுப்புக்கு இறங்குகிறது.