தொட்டில் மேல் ஈரத்துணி

சங்கிலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டதும் லவீனா துணியை மறுபடியும் வாளியில் முக்கினாள்.

புழுதிக் காற்றில் ஓடும் காரில் மின்சாரம் ஏறி இன்ஜின் நின்றுபோகும். அதனால் அமெரிக்காவில் ஓக்லஹோமாவின் அந்த மேற்கு முனையில் எல்லாக் காருக்கும் பின்னால், அந்த மின்சாரத்தைத் தரையில் இறக்க, ஒரு சங்கிலி தொங்கியது. முதலில் கோதுமை விலை விழுந்தது. பிறகு வங்கி கதவடைத்தது. அப்புறம் மழையும் நின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருடத்து வசந்தத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வீடுவீடாக வர வழியிருந்தவன் ஒருவன்தான். நிவாரண அலுவலகத்து பெக்கம்.

கார் வேலியை ஒட்டித் திரும்பியது.

கொட்டகையிலிருந்து அவள் கணவன் ஹார்லன் கையை ஆட்டிக்கொண்டே ஓடினான். "அந்தப் பக்கம் வேண்டாம்! வேலியோரம் பொதமணல், வண்டி மாட்டிக்கும்!"

கார் விலகி வந்தது.

லவீனா துணியைப் பிழிந்து தொட்டிலின் மேல் விரித்து ஓரங்களைச் செருகினாள். கைக்குழந்தை இருக்கிற எல்லா வீட்டிலும் தொட்டில் மேல் இப்படி ஒரு ஈரத்துணி கிடந்தது. சாயங்காலத்துக்குள் அது சேறாகிவிடும். வந்தவர்கள் யாரும் அதைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். தூக்கினால் தூசி உள்ளே போகும்.

பெக்கம் வாசலில் நின்று பூட்சைத் தட்டினான். கை கொடுக்கவில்லை. தொட்டால் பொறி பறக்கும் என்பதால் அந்த வருடம் யாரும் யாருக்கும் கை கொடுப்பதில்லை.

"உங்க வண்டி மேல படிஞ்சிருக்கற புழுதி பூரா எங்க வயலு. போறப்ப எறக்கி வச்சிட்டுப் போங்க" என்றான் ஹார்லன்.

"வச்சிடறேன். விதை மட்டும் நீங்க பாத்துக்கங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். காரின் பின்சீட்டில் துப்பாக்கி கிடந்தது.

பெக்கம் ரூபிக்காக வந்திருந்தான். அவர்களிடம் மிஞ்சியிருந்த ஒரே பசு. காலையில் பக்கத்துப் பண்ணை க்ளாசன் வீட்டுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டு ஓய்ந்திருந்தது. பஞ்சத்து மாடுகளை அரசாங்கம் வாங்கிக்கொண்டது. ரயிலடி வரை நடக்க முடியாதவற்றைப் பள்ளத்தில் இறக்கிச் சுட்டது. சுட்ட பிறகு மண்ணெண்ணெய் ஊற்றியது. கத்தியும் பாத்திரமுமாக வந்த க்ளாசனின் மனைவியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரசாங்க மாட்டைப் பசித்தவர்கள் தின்னக் கூடாதாம். அதற்காக மாட்டைக் கொடுக்காமலும் இருக்க முடியாது. கொடுக்காத வீட்டுக்கு நிவாரண மாவு கிடையாது.

ஒரே ஒரு சலுகை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு கறவை மாட்டை விட்டுவைப்பார்கள்.

தொட்டிலைப் பார்த்ததும் பெக்கமின் குரல் தணிந்தது. "தூங்குதாம்மா?"

"ஆமாங்க."

"ரொம்ப இருமல்னு மனுவுல எழுதியிருந்தீங்களே?"

"இப்ப இருமறதே இல்லைங்க."

ஹார்லன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜன்னலிலும் ஈரத்துணிதான். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

லவீனா துணியின் ஓரத்தில் கை வைத்தாள். "பாக்கணும்னா பாத்துக்கங்க."

"ஐயையோ, வேண்டாம்மா. எதுக்கு? தூசி போயிரும். பசு இங்கயே இருக்கட்டும்."

வாசல் வரை போனவன் எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான்.

"மார்ச்சுல கேட்டீங்கல்ல? மேலதிகாரி கையெழுத்தாகி இப்பத்தான் வந்துச்சு. பெரியவங்களுக்குத்தான் இருந்துச்சாம். குழந்தைக்குன்னு தனியா தைக்கச் சொல்லியிருக்காங்க."

புழுதிக்கு மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுகிற துணி. அவள் உள்ளங்கையில் பாதி கூட இல்லை. இரண்டு பக்கமும் சின்ன நாடா.

அதற்காகத்தான் அவள் மார்ச்சில் வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்குப் போனாள். அந்த அலுவலகத்து வரிசையில் நாள் முழுக்க நின்றாள். முறை வரும்போது வரும் என்றார்கள்.

பெக்கம் போகாமல் நின்றான். எதற்கு நிற்கிறான் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ரொம்ப நன்றிங்க" என்றாள்.

அவன் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான்.

காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. அவசரத்தில் அவன் குறுக்கு வழியாக வேலியோரமே காரைத் திருப்பினான். கத்துவதற்கு ஹார்லன் வாயைத் திறந்தான். லவீனா எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பொறி இரண்டு பேரையும் கடித்தது. அவள் விடவில்லை.

சக்கரம் மாட்டவில்லை. அங்கே பொதமணல் எதுவும் இல்லை. கார் சின்னதாக ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. சங்கிலி அதன் மேல் நேராக ஒரு கோடு போட்டுக்கொண்டே போயிற்று.

சத்தம் தேய்ந்ததும் ஹார்லன் கொட்டகைக்குப் போனான். காலையில் பிடுங்கி வைக்கோலுக்கு அடியில் ஒளித்த பலகையை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் மண்டியிட்டான். கோட்டை உள்ளங்கையால் தடவித் தடவி அழித்தான். பிறகு பலகையைப் பழைய இடத்தில் நட்டான். சூட்டுக்கோலால் எழுதிய எழுத்து. ஐடா. ஏப்ரல்.

லவீனா தொட்டில் மேலிருந்த துணியை எடுத்தாள். விடியற்காலையில் சுருட்டி வைத்த போர்வை சுருட்டியபடியே இருந்தது. துணியில் இருந்த தண்ணீரை ரூபியின் தொட்டியில் சொட்டு விடாமல் பிழிந்தாள்.

பிறகு பால் கறந்தாள். ஒரு கோப்பை தேறியது. காற்று அதையும் சாம்பல் நிறமாக்கியிருந்தது. பொட்டலத்தைப் பிரித்து அந்தச் சின்னத் துணியைக் கிண்ணத்தின் வாயில் பிடித்து, பாலை மெதுவாக ஊற்றினாள். புழுதியெல்லாம் மேலேயே தங்கிவிட்டது. கீழே வெள்ளையாக இறங்கியது.

நல்ல துணி. மார்ச்சிலும் நல்ல துணியாகத்தான் இருந்திருக்கும்.