பட்டத்துக்கு மூன்று நாள் லீவு

“கணக்கு முடிக்கிற வாரத்துல லீவா? அதுவும் மூணு நாளா?” மேனேஜர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“பட்டத்துக்காகத்தான் சார். பொண்ணு வரச் சொல்லியிருக்கா,” என்றார் காசாளர் அம்மா.

மேனேஜரின் முகம் மலர்ந்தது. “பட்டத்துக்கா? முதல்லயே சொல்லக் கூடாதா? உட்காருங்கம்மா. எங்கே?”

“விரிகுடா ஓரமா ஒரு ஊர்ல. கடற்கரைதான் சார்.”

“திறந்த வெளியிலயா? காத்து பிச்சுக்கிட்டுப் போகுமே.”

“காத்து அடிச்சாத்தான் சார் நடக்கும்.”

மேனேஜர் சிரித்தார். “கறுப்பு அங்கி உண்டுல்ல?”

“உண்டு சார். உடம்போட ஒட்டினாப்ல இருக்கும்.”

“பாவம், உங்க வீட்டுக்காரருக்குத்தான் இந்தப் பட்டமளிப்பைப் பார்க்கக் கொடுத்து வைக்கலை,” என்றபடி பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் காசாளருக்கு உறைத்தது.

“கையெழுத்துப் போட்டுடாதீங்க சார். நீங்க நினைக்கிற பட்டம் இல்லை. இது வானத்துல பறக்கிற பட்டம். அது இழுக்க இழுக்க, அந்தக் கறுப்பு ரப்பர் அங்கியைப் போட்டுக்கிட்டு பலகையில நின்னு கடல்ல சறுக்கணும். ரிட்டயர் ஆனதும் போகலாம்னு அவர் ஆசையா வாங்கினது. பிரிக்காமலே கிடக்கு.”

“ஓ. அப்ப பொண்ணு சறுக்கப் போறாளா?”

காசாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவ அங்க டீச்சர் சார். கரையில நின்னு சொல்லிக்கொடுப்பா. சறுக்கப் போறது நான்.”

மேனேஜர் அவரையும் அவருடைய மூக்குக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

“நல்லபடியா பட்டம் விட்டுட்டு வாங்கம்மா.”

“விட மாட்டேன் சார்,” என்றார் காசாளர். “கெட்டியாப் பிடிச்சுக்குவேன்.”